கேட்டலும் எழுதலும்: மீஞ்சூர்ச் சுருக்கெழுத்துப் பயிற்சி அனுபவமும் நீதிமன்றச் சாட்சியத் தமிழும்

ஆய்வுச் சுருக்கம்

நீதிமன்றத்தில் சாட்சி பேசுவது பேச்சுத் தமிழ்; பதிவேட்டில் நிலைபெறுவது எழுத்துத் தமிழ். இவ்விரண்டிற்கும் இடையில் நிற்பவர்கள் தட்டச்சரும் சுருக்கெழுத்தரும் ஆவர். தமிழகத்தில் இவர்களை உருவாக்குபவை சிற்றூர்களிலும் பேரூர்களிலும் இயங்கும் தட்டச்சு – சுருக்கெழுத்துப் பயிலகங்கள். மீஞ்சூரில் உள்ள ஒரு பயிலகத்தில் இக்கட்டுரையாளர் பயின்ற அனுபவத்தை அடிப்படையாகக் கொண்டு, அப்பயிற்சி மாணவரின் செவியையும் கையையும் எவ்வாறு பழக்குகிறது, நீதிமன்றத்தின் தேவைக்கு அது எந்த அளவு ஈடுகொடுக்கிறது என்பனவற்றை மொழியியல் நோக்கில் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச் சொற்கள்: சுருக்கெழுத்து, தட்டச்சு, சாட்சியம், இரட்டை வழக்கு, வினைமுற்று விகுதி, மீஞ்சூர்.

1. முன்னுரை

அமெரிக்க நாட்டில் நீதிமன்றப் பதிவாளர் பயிற்சிக்கெனத் தனிப் பள்ளிகள் உள்ளன. அங்கு மாணவர்கள் ஸ்டெனோடைப் என்னும் பொறியில் பயில்கின்றனர். அந்நாட்டின் தொழில்முறைச் சான்றிதழ்த் தேர்வு மூன்று பகுதிகளை உடையது. உரைநடைப் பகுதி நிமிடத்திற்கு 180 சொற்கள், நடுவர் குழுவுக்கான அறிவுரைப் பகுதி 200 சொற்கள், வினா–விடை வடிவிலான சாட்சியப் பகுதி 225 சொற்கள் என வேகம் வகுக்கப்பட்டுள்ளது. சாட்சியம் என்பது தனி மொழிநடை, அதற்குத் தனிப் பயிற்சி வேண்டும் என்னும் கருத்து அத்தேர்வின் அமைப்பிலேயே அடங்கியுள்ளது.

தமிழகத்தில் இத்தகைய தனிப் பள்ளி இல்லை. அரசு அலுவலகத்திற்குச் செல்பவரும், தனியார் நிறுவனத்திற்குச் செல்பவரும், நீதிமன்றத்திற்குச் செல்பவரும் ஒரே பயிலகத்தில் ஒரே பாடத்தைப் படிக்கின்றனர். தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தும் அரசு தொழில்நுட்பத் தேர்வுகளே அவர்களுடைய தகுதியை உறுதி செய்கின்றன. தட்டச்சில் இளநிலைக்கு நிமிடத்திற்கு 30 சொற்களும் முதுநிலைக்கு 45 சொற்களும் வேகமாகக் கொள்ளப்படுகின்றன. இப்பொதுப் பயிற்சி, சாட்சியம் என்னும் தனி மொழிநடையை எதிர்கொள்ளப் போதுமானதா என்பதே இக்கட்டுரையின் வினா.

2. களம்

மீஞ்சூர், திருவள்ளூர் மாவட்டம் பொன்னேரி வட்டத்தைச் சார்ந்த பேரூர். சென்னை – கும்மிடிப்பூண்டி இருப்புப் பாதையில் நந்தியம்பாக்கத்திற்கும் அனுப்பம்பட்டுக்கும் இடையில் அமைந்துள்ளது. கிழக்கே வடசென்னை அனல்மின் நிலையம், எண்ணூர்க் காமராசர் துறைமுகம், காட்டுப்பள்ளித் துறைமுகம். வடக்கே கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டை. இவ்வமைப்பால் வேளாண் குடியினர், மீனவர், தெலுங்கு பேசுவோர், பிற மாநிலத் தொழிலாளர் எனப் பலரும் கலந்து வாழும் பகுதியாக இது விளங்குகிறது. சரக்குப் பெட்டக லாரிகள் இடைவிடாது ஓடும் சாலைகள் இப்பகுதியின் அன்றாடக் காட்சி. விபத்து இழப்பீடு, நிலப் பாகப்பிரிவினை, கடன் உறுதிச் சீட்டு முதலியன பற்றிய வழக்குகளில் இத்தகைய மக்களே சாட்சிக் கூண்டில் ஏறுகின்றனர்.

கட்டுரையாளர் பயின்ற பயிலகத்தில் வகுப்புகள் மணிக்கணக்கில் பிரிக்கப்பட்டிருந்தன. பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்களும், திருமணத்திற்குப் பின் அரசுப் பணிக்கு முயன்ற பெண்களும், ஆலைகளில் ஒப்பந்தப் பணி செய்த இளைஞர்களும் உடன் பயின்றனர். ஆலையில் முறைப்பணி மாறும் வாரங்களில் காலை வகுப்பு மாணவர் மாலைக்கும், மாலை மாணவர் காலைக்கும் மாறி வருவர். தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் தொகுதி 4 தேர்வில் சுருக்கெழுத்துத் தட்டச்சர் பணியிடம் பெறுவதும், நீதித்துறை அமைச்சுப் பணியில் சேர்வதுமே பெரும்பாலோரின் நோக்கமாக இருந்தன.

3. தட்டச்சுப் பயிற்சி: கை பழகும் முறை

தட்டச்சின் முதற் பாடம் ‘யளனக’ என்னும் வரிசை. இடக்கையின் நான்கு விரல்களும் நான்கு எழுத்துகளின் மேல் அமரும். இவ்வரிசைக்குப் பொருள் இல்லை. பொருளின்மையே அதன் பயன். சொல்லின் பொருளில் மனம் செல்லாதவாறு விரலுக்கும் எழுத்துக்கும் நேரடி உறவை உண்டாக்குவதே பயிற்சியின் முதல் நோக்கம்.

தமிழ்த் தட்டச்சுப் பொறியை உருவாக்கியவர் யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயாவில் வாழ்ந்த ஆர். முத்தையா. அப்பொறியில் புள்ளிக்குரிய விசை நகரா விசையாகும். அதனை அழுத்தினால் தாளில் புள்ளி விழும். ஆனால் உருளை நகராது. எனவே மெய்யெழுத்தை அடிக்கப் புள்ளியை முன்னரும் எழுத்தைப் பின்னரும் தட்ட வேண்டும். எழுதும்போது எழுத்தின்பின் புள்ளியிடும் கை, தட்டச்சில் அம்முறையைத் தலைகீழாகப் பழகுகிறது. புதிய மாணவர் தாளில் புள்ளிகள் இடம் மாறி விழுவது இதனாலேயே.

4. சுருக்கெழுத்துப் பயிற்சி: செவி பழகும் முறை

ஐசக் பிட்மன் 1837இல் வெளியிட்ட முறை, ஒலியை எழுதும் முறை. ஒலிப்பிலா ஒலிக்கு மெல்லிய கோடும், அதன் இணையான ஒலிப்புடை ஒலிக்குத் தடித்த கோடும் அதில் அமைகின்றன. தமிழ் நெடுங்கணக்கு இவ்வேறுபாட்டை எழுத்தில் காட்டுவதில்லை. ‘பம்பரம்’ என்னும் சொல்லின் இரண்டு பகரங்களும் வேறு வேறாக ஒலிக்கின்றன. எனினும் எழுத்து ஒன்றே. தமிழ்ச் சொற்களில் இவ்வேறுபாடு சூழலால் அமைவதால் பொருள் மாறுவதில்லை. கடன்சொற்களில் நிலைமை வேறு. ‘கேட் பாஸ் வாங்கினேன்’ என்பதும் ‘பஸ்ஸில் ஏறினேன்’ என்பதும் ஆலைத் தொழிலாளியின் வாயில் அடுத்தடுத்து வருவன. பாஸ், பஸ் என்னும் இரண்டும் தமிழெழுத்தில் உயிரின் அளவால் மட்டுமே வேறுபடுகின்றன. ஒலியிலோ முதல் மெய்யும் வேறுபடுகிறது. தமிழெழுத்து எழுதாமல் விடும் ஒன்றைச் செவியால் பிரித்தறிய மாணவர் இங்குக் கற்கிறார்.

பிட்மன் முறையின் மற்றொரு பண்பு, வேகம் கூடும்போது உயிர்க்குறிகளை விடுத்து மெய்யுருவை மட்டும் எழுதுவதாகும். சொல்லின் முதல் உயிர் எத்தகையது என்பதைக் கோட்டுக்கு மேல், கோட்டின் மேல், கோட்டை ஊடறுத்து என உருவின் இடம் காட்டிவிடும். ‘பலன்’, ‘புலன்’, ‘பாலன்’ போன்ற சொற்கள் மெய்யுருவால் ஒன்றாயினும் இடத்தாலும் தொடராலும் பெரிதும் பிரித்தறியத்தக்கன.

தமிழுக்கே உரிய இடர்ப்பாடு சொல்லின் ஈற்றில் தோன்றுகிறது. தமிழ் வினைமுற்று திணை, பால், எண், இடம் ஆகியவற்றை விகுதியால் உணர்த்துகிறது. தொல்காப்பிய வினையியல் ‘ஏன்’ என்பதனைத் தன்மை ஒருமைக்கும், ‘ஆன்’ என்பதனைப் படர்க்கை ஆண்பாலுக்கும் உரிய ஈறுகளாகக் கூறும். ‘கொடுத்தேன்’, ‘கொடுத்தான்’ ஆகிய இரண்டிலும் மெய்கள் ஒன்றே. முதல் உயிரும் ஒன்றே. எனவே இடமும் ஒன்றே. வேறுபாடு முழுவதும் இறுதி உயிரில் உள்ளது. ஆங்கிலத்தில் ‘நான்’, ‘அவன்’ என்பன தனிச்சொற்களாக முன்னே நிற்றலின் வினையின் ஈற்றுயிரை விடுவதால் இழப்பில்லை. தமிழில் எழுவாய் பெரும்பாலும் தோன்றா எழுவாயாக நிற்றலின், ஈற்றுயிரை விடுத்தால் வினைசெய்தவனையே இழக்கிறோம்.

கட்டுரையாளரின் பயிற்சிக் காலத்தில் நிகழ்ந்த பிழை ஒன்றை இங்குக் குறிப்பிடுவது பொருந்தும். கடன் வழக்கு ஒன்றை ஒட்டி ஆசிரியர் தாமே அமைத்துச் சொன்ன பத்தியில் ‘ஐம்பதாயிரம் ரூபாயைக் கொடுத்தேன்’ என்று ஒரு தொடர் வந்தது. ஈற்றுக்குறி இடாமல் எழுதிய கட்டுரையாளர், பெயர்த்தெழுதும்போது ‘கொடுத்தான்’ என்று தட்டச்சு செய்தார். தேர்வு முறைப்படி அது ஒரே பிழை, ஒரே குறைப்பு. ஆசிரியர் தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, “இதனால் கடன் கொடுத்தவன் கடன்காரன் ஆகிவிட்டான்” என்றார். அதன்பின் தன்மை வினைகளுக்கு ஈற்றுக்குறி இடாமல் அவ்வகுப்பில் எவரும் எழுதவில்லை.

5. நீதிமன்றத்தில் பதிவு நிகழும் முறை

தமிழ்நாடு ஆட்சிமொழிச் சட்டம் 1956இல் இயற்றப்பட்டது. 1976ஆம் ஆண்டுத் திருத்தம் கீழமை நீதிமன்றங்களில் தமிழின் பயன்பாட்டிற்கு வழிவகுத்தது. சாட்சியத்தை நீதிபதி தாமே எழுதலாம். அல்லது அவர் சொல்லச் சொல்லப் பிறர் எழுதலாம், தட்டச்சு செய்யலாம். சாட்சியத்தை இயல்பாக எடுத்துரை வடிவில் பதிய வேண்டும் என்றும், வேண்டுமிடத்து வினா–விடையாகப் பதியலாம் என்றும் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 276ஆம் பிரிவு கூறியது. 2024 சூலை முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவும் இம்முறையைத் தொடர்கிறது. உரிமையியல் வழக்குகளில் 2002 முதல் முதல் விசாரணை பிரமாண வாக்குமூலமாகவே அமைகிறது. குறுக்கு விசாரணையே நேரில் பேச்சாக நிகழ்கிறது.

இதனால் விளையும் நடை தனித்தன்மை உடையது. வழக்கறிஞரின் வினா மறைந்து, சாட்சியின் விடையினுள் கலந்துவிடுகிறது. ‘நீ பொய் சொல்கிறாய் அல்லவா?’ என்ற வினாவும் ‘இல்லைங்க’ என்ற விடையும் சேர்ந்து, ‘நான் பொய்யாகச் சாட்சியம் அளிக்கிறேன் என்று சொன்னால் சரியல்ல’ என்று பதிவாகின்றன. சாட்சி பேசியது ஒரு சொல். பதிவில் அவர் பேசியதாக நிற்பது ஒரு முழு வாக்கியம். பயிலகத்தில் சொன்னதைச் சொன்னவாறே எழுதப் பழகிய மாணவர், நீதிமன்றத்தில் முதன்முதலாக எதிர்கொள்ளும் வியப்பு இதுவே. அவர் காதில் இரண்டு தமிழ் விழுகின்றன: ஒன்று சாட்சியுடையது, மற்றொன்று நீதிபதி சொல்வது. அவர் எழுத வேண்டியது இரண்டாவது.

6. பெயர்ப்பில் இழப்பன

பேச்சு வழக்கை எழுத்து வழக்காக்கும்போது ஒலித்திரிபு நீங்குவதால் தீங்கில்லை. ‘சாயங்காலம் வண்டில போனேன்’ என்பது ‘மாலையில் இருசக்கர வாகனத்தில் சென்றேன்’ என்றாகலாம். வண்டி எது என்பது தெளிவாயின் பொருள் மாறுவதில்லை. பொருள் தரும் சிறு உருபுகள் நீங்குவதே ஆய்வுக்குரியது.

‘லாரிக்காரன் குடிச்சிருந்தானாம்’ என்பதில் ‘ஆம்’ என்னும் இடைச்சொல், பேசுபவர் தாம் கண்டதன்று, பிறர் சொல்லக் கேட்டது என்பதை உணர்த்துகிறது. இதனை ‘லாரி ஓட்டுநர் மது அருந்தியிருந்தார்’ என்று பதிந்தால், கேள்விச் செய்தி கண்கூடான செய்தியாகிவிடும். வாய்மொழிச் சாட்சியம் நேரடியானதாக இருத்தல் வேண்டும் என்பது 1872ஆம் ஆண்டு இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 60ஆம் பிரிவில் கூறப்பட்ட விதி. புதிய சாட்சியச் சட்டமும் அதனைக் கொண்டுள்ளது. எனவே ஓரிடைச்சொல்லின் இழப்பு, ஏற்கத்தகாத சாட்சியத்தை ஏற்கத்தக்கதாகக் காட்டக்கூடும். ‘அவரு மாதிரிதான் இருந்துச்சு’ என்பதில் உள்ள ஐயப்பொருளும், ‘ஆறு மணி இருக்கும்’ என்பதில் உள்ள உத்தேசப் பொருளும் இவ்வாறே கவனத்திற்குரியன. பின்னதற்கு நீதிமன்றத் தமிழ் ‘சுமார்’, ‘அளவில்’ என்னும் சொற்களை நிலையாக வைத்துள்ளது; முன்னதற்கும் ‘ஆம்’ என்பதற்கும் அத்தகைய நிலைத்த வாய்பாடு அமையவில்லை.

பதிவு முடிந்தபின் சாட்சிக்கு அதனைப் படித்துக்காட்ட வேண்டும் என்பது சட்டம் தரும் பாதுகாப்பு. ஆனால் பேச்சுத் தமிழில் சொன்ன ஒருவர், எழுத்துத் தமிழில் விரைந்து படிக்கப்படும்போது ஓர் ‘ஆம்’ இல்லாததைக் கண்டு தடுப்பார் என்று எதிர்பார்ப்பது அரிது. கீழமை நீதிமன்றத்தின் தமிழ்ச் சாட்சியம் மேல்முறையீட்டில் ஆங்கிலத்தில் பெயர்க்கப்படுகையில், விடுபட்டது மீள வழியும் இல்லை.

7. பயிற்சிக்கும் பணிக்கும் உள்ள இடைவெளி

பயிலகத்தில் கட்டுரையாளருக்குச் சொல்லப்பட்ட பத்திகளில் மிகுதியானவை மேடை உரைகளும் அலுவலகக் கடிதங்களும் ஆகும். அவற்றில் படர்க்கை வினையும் செயப்பாட்டு வினையும் மிகுதி, தன்மை வினை குறைவு, வினா–விடை இல்லை, பேச்சு வழக்கு அறவே இல்லை. சாட்சியத்தின் இலக்கணம் இதற்கு நேர்மாறானது. அங்குத் தன்மை வினையே முதன்மை; எதிர்மறையும் ஐயமும் உத்தேசமும் நிறைந்திருக்கும். நீதிமன்றப் பணியில் சேர்ந்த மாணவர், கடன் உறுதிச் சீட்டு வழக்கு குறித்து ஆசிரியர் தாமே அமைத்த அந்த ஒரு பத்தியைப் போன்றவற்றையே பின்னர் நன்றியுடன் நினைவுகூர்வார்.

நீதிமன்றத்தில் சாட்சியத்தை நேரடியாகத் தட்டச்சு செய்பவர் தட்டச்சர். தீர்ப்பையும் உத்தரவையும் குறிப்பெடுப்பவர் சுருக்கெழுத்தர். தீர்ப்பில் சாட்சியம் மீண்டும் எடுத்தாளப்படுவதால், ‘ஏன்’, ‘ஆன்’ வேறுபாடு இருவருக்கும் பொதுவான பொறுப்பாகிறது. ஒலி–ஒளிப் பதிவுக்குச் சட்டம் இடமளித்துள்ளது. உச்ச நீதிமன்றம் 2023இல் அரசியலமைப்பு அமர்வின் வாதங்களை எந்திரவழி எழுத்தாக்கத் தொடங்கியது. எனினும் பேச்சு வழக்கினை எவ்வாறு எழுத்தாக்குவது என்னும் வினாவை எந்திரமும் எதிர்கொண்டே ஆக வேண்டும்.

8. முடிவுரை

இதுவரை கூறியவற்றால் பின்வருவன பெறப்படுகின்றன.

• மெய்யுருவை முதன்மையாகக் கொண்ட சுருக்கெழுத்து முறையில், தமிழ் வினைமுற்றின் ஈற்றுயிர் தனிக் கவனத்திற்குரியது. அதன் இழப்பு வினைமுதலின் இழப்பாகும்.

• சொன்னவாறே எழுதும் பயிலகப் பயிற்சியும், எடுத்துரையாக மாற்றிப் பதியும் நீதிமன்ற நடைமுறையும் வேறுபடுகின்றன. இவ்வேறுபாடு மாணவர்க்கு முன்னரே உணர்த்தப்படுவதில்லை.

• ‘ஆம்’, ‘மாதிரி’, ‘இருக்கும்’ போன்ற பேச்சு வழக்குக் கூறுகள் சாட்சியத்தின் சட்டப் பெறுமானத்தைத் தீர்மானிப்பவை. ‘பிறர் சொல்லக் கேட்டேன்’ என்பது போன்ற நிலைத்த எழுத்து வாய்பாடுகள் அவற்றிற்கு வகுக்கப்பட வேண்டும்.

• பேச்சு வழக்கில் அமைந்த வினா–விடைப் பத்திகளைத் தொகுத்துப் பயிலகங்களுக்கு வழங்குவது தமிழ்த்துறைகள் எளிதில் மேற்கொள்ளத்தக்க பணி. வட்டார வழக்கு ஆய்வில் தேர்ந்தோர் இதற்குத் தகுதியுடையோர்.

சாட்சிக் கூண்டில் நிற்கும் தொழிலாளி தன் பேச்சினைத் தானே எழுதிக்கொள்ள இயலாது. அவருக்காக எழுதும் கை, மீஞ்சூர் போன்ற ஊர்களின் பயிலகங்களில்தான் பழகுகிறது. அக்கைக்கு வேகத்தோடு மொழியறிவையும் சேர்த்து அளிப்பது தமிழாய்வின் கடமைகளுள் ஒன்றாகும்.