கணவன் சிற்றிசன், மனைவி பீ.ஆர்: ஊரில் வந்து இருந்தால் நாட்கள் கணக்கில் சேருமா?

யாழ்ப்பாணத்தில் என்னிடம் அடிக்கடி வரும் கேள்வி இது. "அண்ணை, இவர் கனடா சிற்றிசன். எனக்குப் பீ.ஆர் தான். மாமிக்கு ஏலாமல் கிடக்கிறபடியால் ரெண்டு பேரும் இஞ்சை வந்து நிக்கிறம். மூண்டு வருசத்துக்கு மேல போனால் என்ரை பீ.ஆர் போயிடுமோ?" ஸ்காபரோவில் குடிவரவுச் சட்டத்தரணி ஒருவரின் அலுவலகத்தில் எழுதுவினைஞராகப் பல வருடங்கள் இருந்தவன் என்பதால் கேட்கிறார்கள். அந்தச் சகோதரிக்குப் போகாது. ஆனால் அவரைப் போலத் தோற்றமளிக்கும் வேறு பலருக்குப் போகலாம். அதனால்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது.

கனடாவின் குடிவரவு மற்றும் அகதிகள் பாதுகாப்புச் சட்டத்தின் 28ஆம் பிரிவு, நிரந்தர வதிவிடம் பெற்றவர் ஒவ்வொரு ஐந்து வருடத்திலும் குறைந்தது 730 நாட்கள் கனடாவில் இருக்க வேண்டும் என்கிறது. தொடர்ச்சியாக இருக்க வேண்டியதில்லை. அதிகாரி உங்கள் கோப்பைப் பார்க்கும் நாளிலிருந்து பின்னோக்கி ஐந்து வருடத்தை எண்ணுவார். பீ.ஆர் கிடைத்து ஐந்து வருடம் ஆகாதவர் என்றால், மிச்சமுள்ள காலத்துக்குள் 730 நாட்களை நிரப்ப முடியுமா என்று பார்ப்பார்கள்.

இதே பிரிவில்தான் கணவன் மனைவிக்கான சலுகையும் உண்டு. கனடியப் பிரஜையான துணையுடன் வெளிநாட்டில் சேர்ந்து வாழும் ஒவ்வொரு நாளும் கனடாவில் இருந்த நாளாகவே எண்ணப்படும். பிரஜையான தாய் அல்லது தகப்பனுடன் இருக்கும், 22 வயதுக்குட்பட்ட மணமாகாத பிள்ளைக்கும் அப்படியே.

துணையும் பீ.ஆர் மட்டும் வைத்திருப்பவர் என்றால் இந்தக் கதவு பெரும்பாலும் மூடியே இருக்கும். அவர் கனடிய நிறுவனமொன்றுக்கோ கனடாவின் அரச சேவைக்கோ வெளிநாட்டில் முழுநேரம் வேலை செய்தால் மாத்திரமே நாட்கள் சேரும். இருவரும் பீ.ஆர், இருவரும் கொக்குவிலில் வீடு கட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்றால் இருவருக்கும் நாள் ஓடிக்கொண்டிருக்கிறது. துணை இடையில் பிரஜையானால், அந்தத் திகதிக்குப் பிறகு வரும் நாட்கள்தான் சேரும்.

இனி, அதிகம் பேர் இடறுகிற இடம். கணவர் சிற்றிசன், ஆனால் வேலை ரொறன்ரோவில். மனைவியும் பிள்ளைகளும் இங்கே. அவர் வருடத்தில் ஒரு மாதம் நல்லூர்த் திருவிழாவோடு வந்து போவார். இந்த ஏற்பாட்டில் மனைவிக்கு நாள் சேராது. சட்டம் கேட்பது ஒரே வீட்டில் வழமையாகச் சேர்ந்து வாழ்வதை. திருமணப் பதிவுச் சான்றிதழ் அதற்குப் போதாது. பிரிந்தாலும், அந்தப் பிரஜை இறந்தாலும், அன்றோடு எண்ணிக்கை நின்றுவிடும். அதுவரை சேர்ந்தவை அப்படியே இருக்கும். யார் யாரைப் பின்தொடர்ந்து போனார்கள் என்ற கேள்வியைச் சில வழக்குகளில் எழுப்பியிருக்கிறார்கள். எனவே கனடாவில் ஒன்றாக வாழ்ந்து, ஒன்றாக வெளிக்கிட்டு வந்த தம்பதிகளின் நிலைதான் உறுதியானது.

சேர்ந்து வாழ்வதை நிரூபிக்க வேண்டியது நீங்கள்தான். கிராம அலுவலரின் வதிவிடச் சான்றிதழ், இருவர் பெயரிலும் வங்கிக் கணக்கு, மின்சாரப் பட்டியல், பிள்ளைகளின் பாடசாலைக் கடிதம், துணையின் கனடியக் கடவுச்சீட்டில் உள்ள வருகை முத்திரைகள், அவருடைய இலங்கை வதிவிட விசா அல்லது இரட்டைக் குடியுரிமைப் பத்திரம் எல்லாம் உதவும். போரில் காணி உறுதியும் பிறப்புச் சான்றிதழும் தொலைத்து, பிறகு எத்தனை கந்தோர்களுக்கு அலைந்தோம் என்பது எங்களுக்குத் தெரியும். இந்தக் காகிதங்களையாவது வருடாவருடம் ஒரு கோவையில் போட்டு வையுங்கள்.

கார்ட் காலாவதியானால் பீ.ஆர் போய்விட்டது என்று பலர் பயப்படுகிறார்கள். கார்ட் வேறு, அந்தஸ்து வேறு. ஆனால் செல்லுபடியாகும் கார்ட் இல்லாமல் விமானத்தில் ஏற்றமாட்டார்கள். அதற்கு நிரந்தர வதிவாளருக்கான பயண ஆவணம் கேட்டு, கனடாவுக்கு வெளியில் இருந்தே விண்ணப்பிக்க வேண்டும். அப்போதுதான் உங்கள் நாட்களை உட்கார்ந்து எண்ணுவார்கள். நாள் போதாது என்று மறுத்தால் 60 நாட்களுக்குள் குடிவரவு மேன்முறையீட்டுப் பிரிவுக்குப் போகலாம். பெற்றோரின் நோய், பிள்ளைகளின் நலன் போன்ற மனிதாபிமானக் காரணங்களை அங்கே சொல்லலாம். அந்த மேன்முறையீடு முடியும் வரை நீங்கள் பீ.ஆர் தான்.

இதுவரை சொன்னதெல்லாம் ஸ்பொன்சரில் அல்லது வேலைத் தகுதியில் போனவர்களுக்குப் போதும். அகதி அந்தஸ்து கிடைத்து, அதன் வழியாகப் பீ.ஆர் எடுத்தவர்களுக்குப் போதாது. அவர்களுக்கு ஆபத்து நாள் கணக்கில் இல்லை.

2012 டிசம்பரில் வந்த திருத்தத்தின்படி, எந்த நாட்டுக்குப் பயந்து பாதுகாப்புக் கேட்டாரோ அந்த நாட்டின் பாதுகாப்பைத் தானாக மீண்டும் நாடியவர் என்று தீர்மானிக்கப்பட்டால், அகதி அந்தஸ்தோடு நிரந்தர வதிவிடமும் போய்விடும். இலங்கைக் கடவுச்சீட்டைப் புதுப்பிப்பதும், அதில் பயணம் செய்வதும், ஊரில் வந்து குடியிருப்பதும் இதற்குச் சான்றாக எடுக்கப்படும். பீ.ஆர் கிடைத்து எத்தனை வருடமானாலும் அரசு இந்த விண்ணப்பத்தைச் செய்யலாம். 730 நாட்கள் நிரம்பியிருப்பதும் துணை சிற்றிசன் என்பதும் இங்கே காப்பாற்றாது. மேலே சொன்ன மேன்முறையீடும் கிடையாது. கூட்டாட்சி நீதிமன்றத்தின் அனுமதி பெற்று மறுபரிசீலனை கேட்பதுதான் வழி. விளைவு தெரிந்துதான் போனாரா, எதற்காகப் போனார், யாருக்குப் பயந்தார், என்ன முன்னெச்சரிக்கை எடுத்தார் என்பவற்றையும் பார்க்க வேண்டும் என்று கூட்டாட்சி மேன்முறையீட்டு நீதிமன்றம் 2022இல் சொன்னது கொஞ்சம் ஆறுதல். தாயின் செத்தவீட்டுக்கு ஓடிவந்த மனிதனையும் காணி விற்க வந்து ஆறு மாதம் நின்றவரையும் ஒரே தராசில் வைக்கக்கூடாது என்பது என் அபிப்பிராயமும்கூட.

பிரஜாவுரிமை எடுத்துவிட்டவரை இந்தத் திருத்தம் தொடாது. ஆகவே அகதியாகப் போய் இன்னும் பீ.ஆருடன் இருப்பவர், ஊர் திரும்ப ரிக்கற் எடுக்குமுன் கடைசி ஐந்து வருடத்தில் 1095 நாட்களைக் கனடாவில் நிறைவு செய்து, விண்ணப்பித்து, சத்தியப்பிரமாணமும் எடுத்து முடிக்க வேண்டும். துணையுடன் வெளிநாட்டில் இருந்த நாட்கள் இந்த 1095க்குள் சேராது. "இங்கிலீஷ் தெரியாது, பரீட்சை எப்படி எழுதுறது" என்று அதைத் தள்ளிப்போட்டிருக்கும் அம்மாக்கள் பலர் இருக்கிறார்கள். 55 வயதானவர்களுக்கு மொழித்தகுதியும் கேட்பதில்லை, பரீட்சையும் இல்லை.