பெயர் சொல்லிப் பதினாறு முறை

மடிக்கணினியை அணைத்துவிட்டு, நெட்வொர்க் கேபிள் செருகியிருக்கும் துளையைப் பாருங்கள். அங்கே சிறு விளக்கு எரிந்தால், மற்றதெல்லாம் உறங்கினாலும் நெட்வொர்க் கார்டு மட்டும் காது கொடுத்துக்கொண்டிருக்கிறது.

அது காத்திருப்பது 'மேஜிக் பாக்கெட்'டுக்காக. 1995இல் ஏஎம்டி நிறுவனம் விளக்கி வெளியிட்ட முறை இது. பெயரில்தான் மாயம். எல்லா பிட்களும் 1 ஆக இருக்கும் 6 பைட்டுகள், பின்னால் அந்தக் கார்டின் அடையாளமான மேக் முகவரி 16 முறை. மொத்தம் 102 பைட். வாசலில் நின்று பெயர் சொல்லிப் பதினாறு முறை கூப்பிடுவது போலத்தான். இந்த வரிசையைக் கண்டதும் கார்டு கணினியை எழுப்பிவிடும். இந்த வசதிக்குப் பெயர் வேக்-ஆன்-லேன்.

லினக்ஸில் இது வேலை செய்யவில்லையென்றால் முதலில் 'எத்டூல்' கட்டளையை ரூட் உரிமையோடு ஓட்டுங்கள். 'சப்போர்ட்ஸ் வேக்-ஆன்' என்ற வரியில் ஜி என்ற எழுத்து இருந்தால் கார்டுக்கு அந்தத் திறன் உண்டு. அதற்கடுத்த 'வேக்-ஆன்' வரிதான் இப்போதைய நிலை: ஜி என்றால் தயார், டி என்றால் முடக்கம். அதே கட்டளையால் டியை ஜி ஆக்கலாம்.

பலர் ஏமாறுவது இதற்குப் பிறகுதான். மாலையில் ஜி வைத்தோமே என்று நம்பி அணைக்கிறோம்; மறுமுறை திறந்து பார்த்தால் பழைய டி. எத்டூல் செய்த மாற்றம் நிலைக்காது. நெட்வொர்க் மேனேஜரில் அந்த இணைப்புக்கான வேக்-ஆன்-லேன் மதிப்பை 'மேஜிக்' என்று எழுதிவைத்தால் ஒவ்வொரு முறையும் அதுவே போட்டுக்கொள்ளும். பேட்டரியை மிச்சப்படுத்த டிஎல்பி மென்பொருளை நிறுவியிருந்தால் அதையும் சந்தேகியுங்கள். இயல்பாகவே அது இந்த வசதியை அணைத்துவிடும். நாம் ஒரு கையால் திறப்பதை அது மறு கையால் மூடுகிறது!

சோதனையை உறக்க நிலையிலிருந்து தொடங்குங்கள். உறக்கத்திலிருந்து எழுந்து, முழுதாக அணைத்த பின் எழவில்லை என்றால் பயாஸ் அமைப்பைத் திறக்க வேண்டியதுதான். அங்கே வேக்-ஆன்-லேன் இயங்க வேண்டும். 'டீப் ஸ்லீப்', 'இஆர்பி' போன்ற மின்சிக்கன வசதிகள் அணைந்திருக்க வேண்டும். பாக்கெட்டையும் அதே வீட்டு நெட்வொர்க்கிலுள்ள வேறொரு கணினியிலிருந்தே அனுப்புங்கள். எல்லாருக்கும் பொதுவாகக் கூவும் இந்த அழைப்பை ரவுட்டர்கள் வழக்கமாக வெளியே கடத்துவதில்லை.

இவ்வளவுக்குப் பிறகும் அந்த விளக்கு எரியவில்லையா? பேட்டரியில் இருக்கும்போது பல மடிக்கணினிகள் கார்டுக்கு மின்சாரமே தருவதில்லை. சார்ஜரைச் செருகிவிட்டு இன்னொரு முறை கூப்பிடுங்கள்.