எவ்வளவு தூரம்?

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – கணிதம்)

டில்லியிலிருந்து அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோவுக்கு எவ்வளவு தூரம்? இக்கேள்விக்கு மூன்று விடைகள் உண்டு என்றால் நண்பர்கள் நகைக்கக்கூடும். ஆனால் மூன்றும் சரியானவையே!

முதல் விடை கணிதம் தருவது. உருண்டையான பூமியின்மேல் இரண்டு ஊர்களுக்கிடையே மிகக் குறுகிய வழி, பூமியின் மையத்தையே மையமாகக் கொண்ட பெருவட்டத்தின் வில்லாகும். டில்லி விமான நிலையம் 28.6 பாகை வடக்கு, 77.1 பாகை கிழக்கில் உள்ளது. சான்பிரான்சிஸ்கோ நிலையம் 37.6 பாகை வடக்கு, 122.4 பாகை மேற்கில் உள்ளது. கோளத் திரிகோணமிதிச் சூத்திரத்தில் இவற்றை இட்டால் மையத்தில் அமையும் கோணம் 111.3 பாகை. பாகைக்கு 111.2 கிலோமீட்டர் வீதம், தூரம் ஏறத்தாழ 12,400 கிலோமீட்டர். உலக உருண்டையின்மேல் ஒரு நூலை இழுத்துப் பிடித்துப் பாருங்கள். அது சைபீரியாவைக் கடந்து ஆர்க்டிக் கடலின்மேல் செல்லும்!

ஆனால் விமானம் அந்த நூலின்மேல் அப்படியே பறப்பதில்லை. 2015 டிசம்பரில் ஏர் இந்தியா இவ்விரு ஊர்களுக்கிடையே இடைநில்லாச் சேவையைத் தொடங்கியபோது, அட்லாண்டிக் வழியே சென்றது. தூரம் சுமார் 13,900 கிலோமீட்டர். 2016 அக்டோபரில் பசிபிக் வழிக்கு மாறியது. தூரம் சுமார் 15,300 கிலோமீட்டர். 1,400 கிலோமீட்டர் கூடியது. பயண நேரமோ குறைந்தது! முதற்பயணம் பதினான்கரை மணி நேரத்தில் முடிந்தது.

இவ்விந்தைக்குக் காரணம் காற்று. ஏறத்தாழ 9 முதல் 12 கிலோமீட்டர் உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி ஆறுபோல் ஓடும் கடுங்காற்று உண்டு. இதனை ஜெட் காற்றோட்டம் என்பர். வெப்பப் பகுதிக் காற்றுக்கும் துருவக் குளிர்காற்றுக்கும் உள்ள வெப்பநிலை வேறுபாடும், பூமியின் சுழற்சியுமே இதனை உண்டாக்குகின்றன.

ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கு: விமானத்தின் வேகம் மணிக்கு 900 கிலோமீட்டர் என்க. எதிர்காற்று 50 எனில், 13,900 கிலோமீட்டரை 850 வேகத்தில் கடக்க 16 மணி 20 நிமிடம் ஆகும். பின்காற்று 120 எனில், 15,300 கிலோமீட்டரை 1,020 வேகத்தில் கடக்க 15 மணி நேரமே போதும்.

என் தந்தை பாய் விரித்து வள்ளம் ஓட்டியவர்; பள்ளிக்கூடம் அறியாதவர். சிறுவயதில், "மீன்பாடு உள்ள இடம் எவ்வளவு தூரம்ப்பா?" என்று கேட்டால், "காத்தப் பாத்துத்தான் சொல்லணும், தம்பி" என்பார். கேட்டது தூரம், சொல்வது காற்று. கணக்குத் தெரியாமல் மழுப்புகிறார் என்று எண்ணி உள்ளூர வெட்கப்பட்டிருக்கிறேன்.

சென்ற விடுமுறையில் இந்த விமானக் கணக்கை அவருக்கு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப அவுகளும் காத்தப் பாத்துத்தான் போறாகளா?" என்றார்.

"ஆமப்பா" என்றேன். அவரிடம் நான் மன்னிப்புக் கேட்கவில்லை. அதற்காகவே இதை இங்கு எழுதுகிறேன்.