எந்திரத்தை ஏமாற்றப் பிறந்த காசு

2025 நவம்பர் 12 அன்று பிலடெல்பியா நாணயச் சாலையில் புழக்கத்துக்கான கடைசி ஒரு சென்ட் காசுகளை அடித்து முடித்தார்கள். 1793 முதல் அடித்துவந்த காசு. ஒன்றைச் செய்ய 3.69 சென்ட் ஆயிற்று என்றால் எந்தக் கஜானாதான் தாங்கும்? செய்தி வந்த கையோடு யூடியூபில் கடை விரித்துவிட்டார்கள்: உங்கள் வீட்டு உண்டியலில் கோடி ரூபாய்க் காசு இருக்கிறது, பார்த்தீர்களா? அமெரிக்காவில் பிள்ளைகளை வைத்திருக்கும் வாசகர்களின் கேள்வி இன்னும் குறிப்பானது. அங்கே வங்கியில் காசுச் சுருள் வாங்கிப் பிரித்தால் பழைய வெள்ளிக்காசு கிடைக்குமாமே, உண்மையா?

உண்மைதான். கோடியை மறந்துவிடுங்கள், வெள்ளி கிடைக்கலாம்.

அங்கே வங்கிகள் சில்லறையைத் தாளில் சுற்றிச் சுருளாகத் தருகின்றன. கால் டாலர் சுருளில் 40 காசு, 10 சென்ட் சுருளில் 50, அரை டாலர் சுருளில் 20. ஐம்பது சுருள் சேர்ந்தால் ஒரு பெட்டி. கணக்கு வைத்திருக்கும் கிளையில் கேட்டால் முகமதிப்புக்கே கொடுப்பார்கள். பார்த்து முடித்ததும் மிச்சத்தைத் திரும்பக் கட்டிவிடலாம். அதனால் கைப்பணம் கரையாது, நேரம்தான் கரையும். விரல்நுனியும் கொஞ்சம் கறுக்கும். கட்டுவதற்கு மட்டும் வேறு வங்கிக்குப் போங்கள். வாங்கிய இடத்திலேயே கொட்டினால், நீங்கள் சலித்த காசையே அடுத்த வாரமும் சலித்துக்கொண்டிருப்பீர்கள்.

எதைத் தேடுவது என்று சொல்லக் கொஞ்சம் வரலாறு வேண்டும், விரைவாகவே கடந்துவிடுவோம். 1964 வரை ஆண்டு பொறித்த 10 சென்ட், கால் டாலர், அரை டாலர் காசுகளில் 90 சதவீதம் வெள்ளி. வெள்ளி விலை ஏற ஏற மக்கள் காசைப் பதுக்கினார்கள், கடைகளில் சில்லறைக்குத் திண்டாட்டம் வந்தது. 1965 ஜூலை 23 அன்று அதிபர் ஜான்சன் புதிய நாணயச் சட்டத்தில் கையெழுத்திட்டார். 10 சென்ட்டிலும் கால் டாலரிலும் வெள்ளி அடியோடு போயிற்று. அரை டாலரில் மட்டும் 1970 வரை 40 சதவீதம் ஒட்டிக்கொண்டிருந்தது. நல்ல காசை வைத்துக்கொண்டு மட்டக் காசைச் செலவழிப்பது மனித சுபாவம். அடுத்த சில ஆண்டுகளில் வெள்ளிக்காசு பெரும்பாலும் புழக்கத்தை விட்டுப் போய்விட்டது. தப்பியவைதான் இன்று சுருளில் அகப்படுபவை.

வெள்ளியை எடுத்துவிட்டு என்ன போடுவது? செம்பும் நிக்கலும் கலந்த வெள்ளை உலோகம் ஏற்கெனவே 5 சென்ட் காசில் இருந்தது. அதையே எல்லாக் காசுக்கும் போட்டிருந்தால் விஷயம் சுலபமாக முடிந்திருக்கும். குறுக்கே நின்றவை நாடு முழுக்க நிறுத்தியிருந்த விற்பனை எந்திரங்கள். பழைய வெள்ளிக்காசையும் புதுக் காசையும் அவை ஒன்றுபோல ஏற்க வேண்டும். இல்லாவிட்டால் அத்தனையையும் மாற்ற வேண்டும். எனக்கு இந்தக் கதையில் பிடித்த இடமே இதுதான்.

அந்தக் கால எந்திரத்துக்கு மூளை கிடையாது. காசு ஒரு சரிவில் உருளும். வழியில் ஒரு நிலைக்காந்தம். வெள்ளியோ செம்போ காந்தத்தில் ஒட்டாது. ஆனாலும் காந்தப்புலத்தைக் கடக்கும் உலோகத்துக்குள் சுழல் மின்னோட்டம் கிளம்பி, தன்னை உண்டாக்கிய ஓட்டத்தையே எதிர்க்கும். காசு வேகம் தணிந்து சரிவின் முனையிலிருந்து தாவும். வேகம் சரியாக இருந்தால் சரியான குழியில் விழும். ஈய வில்லை போன்ற கள்ளக்காசு தணியாமல் தாண்டிப் போய் விழும்; சுத்தச் செம்பு வில்லை எட்டாமல் முன்னாலேயே விழும். இரண்டும் வெளியே வந்துவிடும்.

தேருக்கு முட்டுக்கட்டை போடுவதை நினைத்துக்கொள்ளுங்கள். ஆனால் இந்தத் தேரில் கட்டை போடுகிறவர்கள் தேருக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறார்கள்; அவர்கள்தான் எலெக்ட்ரான்கள். தேர் வேகமெடுத்தால் துடிப்பாகக் கட்டை போடுவார்கள், தேர் நின்றால் அவர்களும் ஓய்ந்துவிடுவார்கள். வெள்ளித் தேரில் அவர்கள் ஓடியாடத் தாராளமாக இடம் உண்டு. செம்பு நிக்கல் தேரிலோ நிக்கல் அணுக்கள் திருவிழாக் கூட்டமாக வழியை அடைத்துக்கொண்டு நிற்கின்றன. கட்டைக்காரர் இடிபட்டு, செருப்பைத் தொலைத்து, சக்கரத்துக்கு வந்து சேர்வதற்குள் தேர் அடுத்த வீதிக்குப் போய்விடும். இதற்கு மேல் இழுத்தால் தேர் நிலைக்கு வந்து சேராது, விட்டுவிடுவோம்.

கணக்காகப் பார்த்தால் இன்னும் அழகு. காசு தடித்தால் எதிர்ப்பு விசை கூடும், எடையும் அதே அளவு கூடும். ஒன்றை ஒன்று அடித்துவிடும். மிஞ்சுவது உலோகத்தின் குணம் மட்டும்: மின்கடத்துதிறனை அடர்த்தியால் வகுத்தால் வரும் எண். 75 பங்கு செம்பும் 25 பங்கு நிக்கலும் கலந்த கலவை மின்சாரத்தைச் செம்பைப்போல ஏறக்குறைய இருபதில் ஒரு பங்குதான் கடத்தும். அதை அப்படியே காசாக அடித்தால் காந்தத்தைச் சட்டை செய்யாமல் பாய்ந்துவிடும். சுத்தச் செம்போ மிதமிஞ்சித் தணியும். அதனால் நடுவில் சுத்தச் செம்பும் இரு பக்கமும் செம்பு நிக்கல் தகடுமாக ஒட்டினார்கள். மொத்தத்தில் மூன்றில் இரண்டு பங்கு நடுச்செம்பு. இதன் கடத்துதிறன் வெள்ளிக் கலவையைவிடக் குறைவுதான். ஆனால் அடர்த்தியும் குறைவு. வகுத்துப் பார்த்தால் இரண்டு எண்களும் பக்கத்தில் பக்கத்தில் வந்து நிற்கின்றன. எந்திரம் புதுக் காசை வெள்ளி என்று நம்பி வாங்கிக்கொண்டது.

எந்திரத்தின் மனம் கோணாமல் அரசு உலோகம் கலந்தது இது முதல் தடவையும் இல்லை. போர்த் தேவைக்காக 5 சென்ட் காசிலிருந்து நிக்கலை எடுத்தபோதும் இதே கவலைதான். 56 பங்கு செம்பு, 35 பங்கு வெள்ளி, 9 பங்கு மாங்கனீஸ் என்ற விசித்திரக் கலவை அப்படிப் பிறந்தது. 1942 முதல் 1945 வரை ஆண்டு போட்ட, பின்பக்கக் கட்டடத்தின் தலைக்கு மேல் பெரிய எழுத்து ஒன்று இருக்கும் 5 சென்ட் கிடைத்தால் எடுத்து வையுங்கள்.

எந்திரத்தை ஏமாற்றிய காசால் கண்ணை ஏமாற்ற முடியவில்லை. ஓரத்தைப் பாருங்கள்: புதுக் காசில் நடுச்செம்பு பழுப்புக் கோடாகத் தெரியும், வெள்ளிக்காசின் ஓரம் முழுக்க வெள்ளை. அதனால் ஒவ்வொரு காசாக ஆண்டு பார்க்க வேண்டியதில்லை. சுருளைப் பிரித்து அடுக்கு கலையாமல் ஓரத்தை ஒரு பார்வை பார்த்தால் போதும். 40 சதவீத அரை டாலர் மட்டும் குழப்பும். அதன் நடுப்பகுதியிலும் கொஞ்சம் வெள்ளி இருப்பதால் கோடு மங்கலாக இருக்கும். அங்கே ஆண்டைப் படித்துவிடுங்கள். சந்தேகம் வந்தால் தராசு உண்டு: வெள்ளிக் கால் டாலர் 6.25 கிராம், புதியது 5.67 கிராம்.

இன்றைய மின்னணு எந்திரங்கள் அவ்வளவு அப்பாவி இல்லை. மாறும் காந்தப்புலத்தைப் பல அதிர்வெண்களில் செலுத்திப் பார்ப்பவை உண்டு. அதிர்வெண் கூடினால் புலம் மேல்தோலோடு நிற்கும், குறைந்தால் நடுப்பகுதி வரை இறங்கும். தோல் ஒன்று, உள்ளே வேறு என்பது தெரிந்துவிடும். கடைகளில் சில்லறை எண்ணும் எந்திரங்கள் வெள்ளிக்காசை அடிக்கடி வெளியே தள்ளிவிடுவது இதனால்தான். எந்திரம் கழித்துப் போட்ட காசு கிடக்கும் தட்டை எட்டிப் பார்க்காமல் நகராத ஆட்கள் அங்கே உண்டு.

மறைந்துபோன ஒரு சென்ட் விஷயத்துக்கு வருவோம். 1982இன் இடையில் அது செம்பிலிருந்து, செம்பு முலாம் பூசிய துத்தநாகத்துக்கு மாறியது. பழையது 3.11 கிராம், புதியது 2.5 கிராம். பழையதில் உள்ள செம்பு ஒரு சென்ட்டுக்கு மேல் பெறும்தான். ஆனால் உருக்குவதற்கு 2006 முதல் தடை. மீறினால் 10,000 டாலர் வரை அபராதம், ஐந்தாண்டு வரை சிறை. மூட்டை கட்டி மாடிப்படிக்குக் கீழே வைத்து என்ன செய்வது?

யூடியூப்காரர்கள் ஆட்டிக் காட்டும் காசு 1943ஆம் ஆண்டுச் செம்பு சென்ட். போருக்குச் செம்பு வேண்டும் என்று அந்த ஆண்டு எஃகில் அடித்தார்கள். முந்தைய ஆண்டின் வெண்கல வில்லைகள் சில எப்படியோ உள்ளே புகுந்து காசாகிவிட்டன. 1947இல் மாசசூசெட்ஸில் ஒரு பள்ளி மாணவனுக்குச் சில்லறையில் வந்த ஒன்று 2019இல் 2,04,000 டாலருக்கு ஏலம் போனது. இது நிஜம். எஃகுக் காசுக்குச் செம்பு முலாம் பூசி விற்பவர்கள் அதைவிட நிஜம். காந்தத்தைக் காட்டுங்கள், ஒட்டினால் விஷயம் முடிந்தது. ஒட்டாவிட்டாலும் துள்ளாதீர்கள், 1948ஐச் சுரண்டி 1943 ஆக்கியவையும் உண்டு.

ஆக, இது பணக்காரராகும் வழி இல்லை. பெட்டி பெட்டியாகப் பிரித்தும் ஒரு வெள்ளி தென்படாமல் போவது சகஜம். தொடங்க நினைப்பவர்கள் அரை டாலர் சுருளிலிருந்து தொடங்குங்கள். அது கைமாறுவது அபூர்வம் என்பதால், வங்கிப் பெட்டகத்தில் பழையது தூங்குவதற்கு வாய்ப்பு சற்று அதிகம்.

நம் ஊர் வாட்ஸ்அப்பில் வரும் சரக்கு வேறு ரகம்: வைஷ்ணோ தேவி படம் போட்ட காசு இருந்தால் லட்சங்கள் தருகிறோம், முதலில் பதிவுக் கட்டணம் அனுப்புங்கள் என்பார்கள். ரிசர்வ் வங்கியின் பெயரையும் முத்திரையையும் போட்டே இப்படிக் கேட்கிறார்கள். தான் அந்த வியாபாரத்தில் இல்லை, கட்டணமோ கமிஷனோ யாரிடமும் கேட்பதில்லை என்று ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டிலேயே எச்சரித்துவிட்டது. காசை வாங்குவதற்கு உங்களிடமே காசு கேட்பவருக்கு ஒரு பைசாவும் அனுப்பாதீர்கள்.