ஸ்லேயர் பங்க் பாடினால் என்ன தப்பு? வேகம் இருந்தும் கோபம் தொலைந்த கதை

காரைக்காலில் ஆனி மாதம் மாங்கனித் திருவிழா. பிச்சாண்டவர் வீதியுலா வரும்போது மாடிகளில் இருந்து மாம்பழம் வீசுவார்கள், கீழே கூட்டம் முண்டியடிக்கும். அந்த விழாவின் நாயகி காரைக்கால் அம்மையார் பாடியது எதை? பேய், சுடுகாடு, பிணம் எரியும் தீ. ஹெவி மெட்டல் கேட்கிறவர்களுக்கு, 'அட, இது நம்ம ஏரியாவாச்சே' என்று தோன்றும். ஆனால் அம்மையார், அழகான உடம்பே வேண்டாம் என்று பேய் வடிவம் கேட்டு வாங்கியவர் என்கிறது அவர் கதை. பாட்டும் பாடுகிற ஆளும் அங்கே வேறு வேறு இல்லை.

மற்றவர் பாட்டை எடுத்துப் பாடும் யாருக்கும் இதுதான் பெரிய சிக்கல். 1996-ல் இதில் வசமாக மாட்டியது அமெரிக்காவின் ஸ்லேயர் பேண்ட். அந்த ஆண்டு வந்த அவர்களுடைய 'அன்டிஸ்ப்யூட்டட் ஆட்டிட்யூட்' ஆல்பம், பெரும்பாலும் பழைய பங்க் பாடல்களின் கவர் தொகுப்பு.

அதென்ன பங்க்?

மெட்டலுக்குப் பயிற்சி முக்கியம். விரல் பறக்கணும், டிரம்ஸ் ஒரு துளி பிசகக் கூடாது. பங்க் நேர்மாறு. மூணு கார்டு தெரிஞ்சா போதும், மேடை ஏறலாம். ஆனா சொல்றதுக்கு ஏதாவது இருக்கணும். நம்மூர் உதாரணம் வேணும்னா, சாவு வீட்டில் விடிய விடியப் பாடும் மரண கானாவை நினைத்துக்கொள்ளலாம். அதே மெட்டு பளபளவென்று சினிமா ஹீரோவின் என்ட்ரி பாட்டாக வரும்போது தாளம் இருக்கும், ஆட்டம் போட வைக்கும். அந்தத் தெரு இருக்காது.

ஸ்லேயருக்கு பங்க் ஒன்றும் புதுசு இல்லை. கிடாரிஸ்ட் ஜெஃப் ஹன்னமன் ஹார்ட்கோர் பங்க் வெறியர். பேண்டில் மற்றவர்களுக்கும் அந்தப் பழக்கத்தை ஒட்டவைத்தவர். 1986-ல் வந்த 'ரெய்ன் இன் பிளட்' 10 பாட்டு, சுமார் 29 நிமிடம். அந்த அவசரம் பங்க்கில் இருந்து வந்ததுதான். அப்படியென்றால் கவர் ஆல்பம் சுலபமாக இருந்திருக்க வேண்டுமே?

நாய் கடவுளான இடம்

முதலில் ஜூடாஸ் ப்ரீஸ்ட், டீப் பர்ப்பிள் போன்ற மெட்டல், ராக் முன்னோடிகளின் பாடல்களைத்தான் யோசித்தார்கள். ஒத்திகையில் சரிவராமல் பங்க் பக்கம் திரும்பினார்கள். மொத்தம் 14 ட்ராக். மைனர் த்ரெட், டி.ஆர்.ஐ., வெர்பல் அப்யூஸ் என்று பெயர்கள் எல்லாம் சரியான தேர்வு. வாசிப்பில் குறையே சொல்ல முடியாது. குறையே அதுதான். ஒரிஜினலில் பாட்டு இப்போ கவிழ்ந்துவிடுமோ என்று பதறும்; இங்கே எல்லாம் இஸ்திரி போட்ட சட்டை மாதிரி நிற்கிறது.

தி ஸ்டூஜஸ் 1969-ல் பாடிய 'ஐ வான்னா பி யுவர் டாக்' ஒரு ஆள் தன்னையே தாழ்த்திக்கொண்டு, நாயாகக் கிடக்க ஆசைப்படும் பாட்டு. அந்த அவமானம்தான் அதன் உயிர். ஸ்லேயர் அதை 'ஐ'ம் கானா பி யுவர் காட்' என்று மாற்றியது. நாய் கடவுளாகிவிட்டது! மெட்டலுக்கு எப்பவும் மேலே நிற்கணும். பங்க் கீழே கிடந்தே கத்தும்.

ஒரே ஒரு சொல்

இதைவிடப் பெரிய சர்ச்சை வேறு பாட்டில். வாஷிங்டனின் மைனர் த்ரெட் பாடிய 'கில்ட்டி ஆஃப் பீயிங் ஒயிட்', கறுப்பின மாணவர்கள் அதிகம் இருந்த பள்ளியில் வெள்ளை மாணவனாகப் பட்ட அனுபவத்தை வைத்து இயன் மெக்கே எழுதியது. இனவெறிக்கு எதிரான பாட்டு என்பது அவர் நிலைப்பாடு. ஆனாலும் தப்பாகப் புரிந்துகொள்ள நிறைய வாய்ப்புள்ள பாட்டு. ஸ்லேயர் கடைசியில் 'ஒயிட்' என்பதை 'ரைட்' என்று மாற்றிப் பாடியது. வெள்ளையாக இருப்பதும் 'சரியாக' இருப்பதும் ஒன்று என்று கேட்கிறவர் காதில் விழுந்தால்?

மெக்கே கடுப்பானார். நையாண்டிக்காக மாற்றினோம் என்றார் கெர்ரி கிங். ஆனால் நாஜி மருத்துவர் மெங்கலே பற்றிய 'ஏஞ்சல் ஆஃப் டெத்' பாட்டுக்காக ஏற்கெனவே நாஜி அனுதாபிகள் என்று குற்றம்சாட்டப்பட்ட பேண்ட் அது. அவங்க கையில் இந்த ஜோக் எப்படிச் சிரிப்பாகும்? எழுதியவன் எங்கே நின்று எழுதினான் என்று பார்க்காமல் சொல்லை மட்டும் தூக்கிப்போனதன் விளைவு.

மற்றவர்கள் எப்படிச் செய்தார்கள்?

1987-ல் மெட்டாலிக்கா, மிஸ்ஃபிட்ஸ் பாடல்களை ஒரு சின்ன இ.பி.யில் அவசர அவசரமாகப் பதிவு செய்தது. பிசிறு பிசிறாக இருக்கும். அதனாலேயே நிற்கிறது. 1988-ல் மெகாடெத், 'அனார்க்கி இன் தி யு.கே.'வை எடுத்தது, செக்ஸ் பிஸ்டல்ஸின் ஸ்டீவ் ஜோன்ஸே வந்து கிடார் வாசித்தும், டேவ் மஸ்டைன் வரிகளைத் தப்பாகக் காதில் வாங்கிப் பாடினார். அந்தத் தப்புகூட ஒருவகையில் பங்க்தான்!

ஸ்லேயரின் முந்தைய ஆல்பம் பில்போர்டில் 8-வது இடம் பிடித்தது. இது 34-வதோடு நின்றது. டிரம்மர் பால் போஸ்டாஃப் பேண்டை விட்டுப் போனார், பிறகு திரும்பி வந்தார். ஆல்பத்தில் இருந்த ஒரே புதுப் பாட்டு கடைசியில் வரும் 'ஜெமினி'. மெதுவாக ஊர்ந்து வரும், பங்க்குக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. இத்தனைக்கும் முழு ஆல்பத்தில் ஸ்லேயர் தங்கள் குரலில் பேசுவது அதில்தான்.