கடுகுப் பூவுக்குள் விஷமும் விஷமுறிவும்

நமக்குக் கடுகு என்றால் தாளிப்பு. டெல்லிக்காரர்களுக்கு அது எண்ணெய். தை மாதத்தில் டெல்லியைத் தாண்டி ஹரியானா பக்கம் பஸ்ஸில் போனால், கண்ணுக்கு எட்டிய தூரம் வரை மஞ்சள்தான். அந்த வயலில் ஒரு பூவைப் பறித்துப் பாருங்கள். கூட்டல் குறி போல நான்கு இதழ்கள். உள்ளே ஆறு மகரந்தத் தாள்கள். நான்கு நெட்டை, இரண்டு குட்டை. நடுவில் சூல்முடி. மகரந்தப்பை வெடித்ததும் தூள் பெரும்பாலும் அதே பூவின் சூல்முடியிலேயே விழுந்துவிடும்.

இந்தத் தன்மகரந்தச் சேர்க்கைதான் வீரிய ஒட்டு விதை எடுப்பவர்களுக்குத் தடை. இரண்டு வேறு ரகங்களைக் கலந்தால் வரும் முதல் தலைமுறை கூடுதலாக விளையும். ஆனால் கலக்க வேண்டுமானால், தாய்ச் செடியின் பூவில் ஆண் பாகம் வேலை செய்யக் கூடாது. சேலம் பக்கம் பருத்தி விதை எடுப்பவர்கள் ஒவ்வொரு பூவாகக் கையால் ஆண் பாகத்தைக் கிள்ளி எடுக்கிறார்கள். பருத்திப் பூ பெரியது, அதற்குக் கட்டுப்படியாகும். விரல் நுனியளவு கடுகுப் பூவை ஏக்கர் கணக்கில் யார் கிள்ளுவது?

டெல்லிப் பல்கலைக்கழகத் தெற்கு வளாகத்தில் தீபக் பென்டல் தலைமையிலான குழு இதற்கு விடை தேடியது. விடை இருந்தது மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாவிடம். பேசில்லஸ் அமைலோலிக்விஃபேசியன்ஸ் என்ற அந்த நுண்ணுயிர், 'பார்னேஸ்' என்ற நொதியைச் சுரந்து வெளியே விடுகிறது. ஆர்.என்.ஏ.வைத் துண்டு துண்டாக்கும் நொதி அது. எந்தச் செல்லுக்குள் இருந்தாலும் அந்தச் செல் செத்துப்போகும். அப்படியானால் அதைத் தயாரிக்கும் பாக்டீரியா எப்படிப் பிழைக்கிறது? 'பார்ஸ்டார்' என்ற இன்னொரு புரதத்தையும் அதுவே தயாரித்து உள்ளே வைத்துக்கொள்கிறது. பார்ஸ்டார் போய் பார்னேஸைக் கெட்டியாகப் பிடித்து அடக்கிவிடும். விஷமும் விஷமுறிவும் ஒரே வீட்டில்!

இந்த ஜோடியைப் பயிருக்குப் பயன்படுத்தலாம் என்று 1990-களின் தொடக்கத்தில் பெல்ஜிய விஞ்ஞானிகள் காட்டியிருந்தார்கள். டெல்லிக் குழு அதைக் கடுகுக்கு ஏற்ப மாற்றியமைத்தது. மரபணுப் பொறியியலின் அடிப்படைக் கருவிகள் எல்லாம் இங்கே வேலைக்கு வருகின்றன. டி.என்.ஏ.வைக் குறிப்பிட்ட இடத்தில் வெட்டும் ரெஸ்ட்ரிக்‌ஷன் நொதி கத்தரிக்கோல். வெட்டிய முனைகளை இணைக்கும் லைகேஸ் பசை. மரபணுவைச் சுமக்க, பிளாஸ்மிட் என்ற வட்ட டி.என்.ஏ. அதைச் செடிக்குள் கொண்டுபோய்ச் சேர்க்க, அக்ரோபாக்டீரியம். தன் டி.என்.ஏ. துண்டைத் தாவரத்துக்குள் நுழைத்துக் கழலையை உண்டாக்குவது இந்த பாக்டீரியாவின் இயல்பு. கழலை மரபணுவை எடுத்துவிட்டு நமக்கு வேண்டியதை வைத்தால் அதையும் சுமந்து சென்று சேர்க்கும்.

நுட்பம் எங்கே இருக்கிறது என்றால், சுவிட்சில். பார்னேஸ் செடி முழுக்க வேலை செய்தால் செடியே மிஞ்சாது. புகையிலையிலிருந்து எடுத்த ஒரு மரபணு சுவிட்ச், மகரந்தத்துக்கு ஊட்டமளிக்கும் 'டபீட்டம்' செல்களில் மட்டுமே அதை இயக்குகிறது. ஊட்டம் இல்லாமல் மகரந்தம் உருவாவதில்லை. செடியின் மற்ற பாகங்களுக்குச் சேதமில்லை. வருணா என்ற இந்திய ரகத்தில் பார்னேஸ்; கிழக்கு ஐரோப்பியக் கடுகின் வழிவந்த 'எர்லி ஹீரா-2'வில் பார்ஸ்டார். இரண்டையும் கலந்தால் விவசாயிக்குப் போகும் விதையில் விஷமுறிவு வந்துவிடும். பூ மறுபடி காய்க்கும். அதுதான் டி.எம்.எச்.-11. வருணாவைவிடச் சுமார் 28 சதவீதம் கூடுதல் விளைச்சல் என்பது அரசுத் தரப்புக் கணக்கு. சமையல் எண்ணெய்த் தேவையில் பாதிக்கு மேல் இறக்குமதி செய்யும் நாட்டில் இது சின்ன விஷயமில்லை.

சர்ச்சை மூன்றாவது மரபணுவில் இருக்கிறது. மலட்டுத் தாய்ச் செடிகளைப் பெருக்கும்போது சந்ததியில் பாதிதான் மலடாகும். மற்ற பாதியைக் களைய, குளுஃபோசினேட் களைக்கொல்லியைத் தாங்கும் 'பார்' மரபணுவை பார்னேஸோடு சேர்த்தே வைத்திருக்கிறார்கள். மருந்து அடித்தால் மரபணு இல்லாத செடிகள் கருகும். விதை வயலில் இது அருமையான வழி. ஆனால் அந்த மரபணு விவசாயியின் வயலுக்கும் வந்துவிடுகிறது. அங்கே இந்தக் களைக்கொல்லியை அடிக்கக் கூடாது என்பது அனுமதியின் நிபந்தனை. நடைமுறையில் யார் தடுப்பார்கள் என்று விமர்சகர்கள் கேட்கிறார்கள். களையெடுத்துக் கூலி வாங்கும் பெண்களின் வேலை என்னாகும், தேனீக்கள் என்னாகும் என்றும் கேட்கிறார்கள். நியாயமான கேள்விகள். கருவி பழுதில்லாதது என்பதாலேயே இவை இல்லாமல் போய்விடாது.

2022 அக்டோபரில் மத்திய அரசு சுற்றுச்சூழல் அனுமதி தந்தது. அதை எதிர்த்த வழக்கில் 2024 ஜூலை 23-ல் உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் மாறுபட்ட தீர்ப்பு சொன்னார்கள்: நாகரத்னா அனுமதியை ரத்து செய்தார், சஞ்சய் கரோல் செல்லும் என்றார். மரபணு மாற்றுப் பயிர்களுக்குத் தேசியக் கொள்கை வேண்டும் என்பதில் இருவரும் ஒன்றுபட்டார்கள்.

2016-ல் இந்தக் கடுகின் பாதுகாப்பு மதிப்பீடு மக்கள் கருத்துக்காக இணையத்தில் வந்தபோது, முழு ஆவணத்தையும் படிக்க விரும்பியவர்கள் முன் அனுமதி பெற்று டெல்லியில் அமைச்சக அலுவலகத்துக்கு நேரில் போக வேண்டியிருந்தது. ராஜஸ்தானின் பரத்பூரில் கடுகு போடும் விவசாயிக்கு அது நடக்கிற காரியமா? சோதனை முடிவுகள் முழுவதையும் அவர் மொழியில், அவர் கையில் கொடுங்கள். அதற்குப் பிறகு கொள்கை எழுதுங்கள்.