ஏர் ரைபிள்: துப்பாக்கி மீதுள்ள அக்கறை காற்றின் மீது இல்லை

புது தில்லி: கார் டயரில் அடைக்கப்படும் காற்றின் அழுத்தம் ஏறத்தாழ 2 "பார்'. பத்து மீட்டர் ஏர் ரைபிள் போட்டிக்குப் பயிற்சி பெறும் பள்ளி மாணவி ஏந்தி நிற்கும் துப்பாக்கியின் சிலிண்டரில் இருப்பதோ 200 "பார்'. அதாவது, நூறு மடங்கு. இந்தக் காற்றை எதிலிருந்து, எப்படி நிரப்புவது என்பது கடைசியாகக் கேட்கப்படும் கேள்வியாகவே இருந்து வருகிறது.

பெய்ஜிங்கில் 2008-ல் அபினவ் பிந்த்ரா தங்கமும், லண்டனில் 2012-ல் ககன் நரங் வெண்கலமும் வென்றது இதே பிரிவில்தான். சென்னையில் பிறந்த நரங், 2011-ல் தனது பயிற்சி அகாதெமியைத் தொடங்கிய இடம் புணேயின் பாலேவாடி. அந்த அமைப்பில் பயிற்சி பெற்ற இளவேனில் வாலறிவன் கடலூரில் பிறந்தவர் என்பது குறிப்பிடத்தக்கது. பாலேவாடியிலிருந்து முளா ஆற்றைக் கடந்தால் பிம்ப்ரி-சிஞ்ச்வட் தொழில் நகரம்.

கம்ப்ரசர்களுக்குப் பஞ்சமில்லாத நகரம் பிம்ப்ரி. ஆனால், பட்டறைகளில் உள்ள சாதாரண கம்ப்ரசர் 7 முதல் 10 "பார்' வரைதான் தரும். ஏர் ரைபிளுக்கு அது பயன்படாது.

மூன்று வழிகள்: முதலாவது, கைப்பம்பு. விலை குறைவு, மின்சாரம் வேண்டாம். தனியாகப் பயிற்சி பெறுபவருக்கு இதுவே போதும். ஆனால், 150 "பாரை'த் தாண்டியதும் சிறுவர்களால் அழுத்த முடியாது. விடாமல் அடித்தால் பம்பு சூடேறி உள்ளிருக்கும் அடைப்பு வளையங்கள் கெடும். சிறிது அடித்து, ஆறவிட்டு, மீண்டும் அடிக்க வேண்டும்.

இரண்டாவது, பெரிய சேமிப்பு சிலிண்டரிலிருந்து இணைப்புக் குழாய் மூலம் நிரப்புவது. இங்கே கொள்ளளவைவிட அழுத்தமே முக்கியம். 12 லிட்டர் சிலிண்டரில் 200 "பார்' காற்று இருந்தால், முதல் துப்பாக்கிக்குப் பிறகு எதுவுமே முழுதாக நிரம்பாது. அதே சிலிண்டர் 300 "பார்' தாங்குவதாக இருந்தால், 200-க்கு இறங்கும் முன் ஏறத்தாழ 50 முறை நிரப்பலாம். துப்பாக்கி சிலிண்டர் கால் லிட்டருக்கும் குறைவு, அது பாதி காலியானதும் நிரப்பப்படுகிறது என்ற அடிப்படையிலான கணக்கு இது.

மூன்றாவது, உயர் அழுத்த கம்ப்ரசர். தினமும் பலர் பயிற்சி பெறும் மன்றத்துக்கே இது கட்டுப்படியாகும். வாங்கும்போது பார்க்க வேண்டியது விலையை மட்டுமல்ல. ஈரத்தையும் எண்ணெயையும் பிரிக்கும் வடிகட்டி, குறித்த அழுத்தத்தில் தானாக நிற்கும் வசதி, பாதுகாப்பு வால்வு, உதிரி பாகங்கள் உள்ளூரில் கிடைக்குமா என்பதையும்தான். காற்றை அழுத்தும்போது அதிலுள்ள ஈரம் நீராகிறது. புணேயின் மழை மாதங்களில் வடிகட்டியின் உள்ளீட்டை அடிக்கடி மாற்றாவிட்டால் அந்த நீர் சிலிண்டரை உள்ளிருந்து அரிக்கும்.

ஆக்சிஜன் கூடாது: வெல்டிங் பட்டறைகள் நிறைந்த ஊரில் ஓர் எச்சரிக்கை அவசியம். அங்குள்ள ஆக்சிஜன் சிலிண்டரிலிருந்து துப்பாக்கிக்கு நிரப்பவே கூடாது. உயர் அழுத்த ஆக்சிஜன், எண்ணெய்ப் பிசுக்கைத் தொட்டாலே தீப்பற்றி வெடிக்கக்கூடும்.

முறைகேடாக வாயு நிரப்புவதன் விளைவை இந்நகரம் நேரில் கண்டது. 2023 அக்டோபரில் தாத்தவடே பகுதியில் டேங்கரிலிருந்து சமையல் எரிவாயுவைத் திருட்டுத்தனமாக நிரப்பியபோது சிலிண்டர்கள் அடுத்தடுத்து வெடித்தன. அருகில் நின்ற பள்ளிப் பேருந்துகள் எரிந்தன. எரிவாயு வேறு, காற்று வேறு என்பது உண்மையே. ஆனால், கண்காணிப்பு இல்லாத இடத்தில் நிரப்புவது என்ற தவறு ஒன்றுதான்.

சட்டத்தில் இடைவெளி: 2016-ம் ஆண்டின் ஆயுத விதிகளின்படி, 4.5 மி.மீ. விட்டத்துக்கும் 20 ஜூல் ஆற்றலுக்கும் மிகாத ஏர் ரைபிளுக்கு உரிமம் தேவையில்லை. இது உள்துறையின் வரம்பு. சேமிப்பு சிலிண்டரோ, 1884-ம் ஆண்டின் வெடிபொருள் சட்டத்தின் கீழ் இயற்றப்பட்ட 2016-ம் ஆண்டின் வாயு சிலிண்டர் விதிகளுக்கு உட்பட்டது. அதைக் கவனிப்பது வர்த்தகத் துறையின் கீழ் நாகபுரியைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்கும் பெட்ரோலியம், வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு. அங்கீகாரம், குறித்த கால இடைவெளியில் சோதனை, நிரப்புவதற்கு உரிமம் எல்லாம் அதில் உண்டு.

ஆனால், 500 மில்லி லிட்டருக்கு மேற்பட்ட கொள்கலனே அவ்விதிகளின்படி "சிலிண்டர்'. துப்பாக்கியில் பொருத்தப்படும் சிறிய சிலிண்டர் அந்த வரையறைக்குள் வராது. காலாவதியாகாத சிலிண்டரைப் பயன்படுத்துவது வீரரின் பொறுப்பு என்கின்றன சர்வதேச துப்பாக்கி சுடுதல் சம்மேளனத்தின் விதிகள். அவையும் போட்டிக் களத்தில்தான் செல்லுபடியாகும். ஆண்டு முழுவதும் பயிற்சி நடக்கும் கூடத்தில் அதைப் பார்ப்பவர் யார்?

இதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. ஒவ்வொரு சிலிண்டரின் தயாரிப்பு ஆண்டு, சோதனை நாள், நிரப்பும் அழுத்தம் ஆகியவற்றைப் பதிவு செய்யும் ஏடும், அதற்குப் பொறுப்பான ஒருவரும் இருந்தால் போதும். பயிற்சி மையங்களுக்கு நிதியும் அங்கீகாரமும் வழங்கும் விளையாட்டுத் துறை, இதை ஒரு நிபந்தனையாக்கலாம். துப்பாக்கிக்கு நிதி கோரும் உறுப்பினர்கள், அதில் அடைக்கப்படும் காற்றுக்கு யார் பொறுப்பு என்றும் நாடாளுமன்றத்தில் கேட்க வேண்டும்.